தட்டிச் சென்றோர் இடாப்பு

என் மேசை இழுப்பறையில் எண்பது பக்கக் கொப்பிகள் மூன்று கிடக்கின்றன. மாணவர் கட்டுரை எழுதும் அதே வகைக் கொப்பிகள்தாம். ஆயின் அவற்றிற் கட்டுரையும் இல்லை, செய்யுளும் இல்லை. நாள், மணி, நான்கு எண்களாலான ஓர் இலக்கத்தொடர், அதன் எதிரே சிற்சில குறிப்புகள், பக்கந்தோறும் இவ்வளவே. ஒருநாள் அவற்றைக் கண்ணுற்ற என் மனைவி, "இதென்ன, சீட்டுக் கணக்கோ?" என்று வினவினாள். சீட்டுக் கணக்காயின் ஈற்றிற் சிறிது பணமாவது கையிலே தேறும். இவை நம் பழைய மாணவர் சங்கத்து இணையத்தளத்தின் படலையைக் கள்ளத்தனமாய்த் தட்டிச் சென்றோரின் இடாப்பு.

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடம் எதனைக் கேட்பது வழக்கமோ அதனையே எதிர்பார்த்திருப்பர். சங்கப் புலவரைப் பற்றியும் உரையாசிரியரைப் பற்றியும் எழுதவல்லார் நம்மிடையே பலர் உளர். இக்கொப்பிகளைப் பற்றி எழுதக்கூடியவன் யான் ஒருவனே. அன்றியும், இவை காரணமாகச் சங்கத்தாருக்கு யான் சொல்லவேண்டிய செய்தி ஒன்று 2022ஆம் ஆண்டுக் கூட்ட அறிக்கையில் ஒரே வரியாய் முடிந்துபோயிற்று. அது ஒரு வரியில் முடியத்தக்கதன்று.

இப்பொறுப்பு என்னிடம் வந்த வரலாறு சிறிது. நம் தளத்தை அமைத்துப் பல்லாண்டு பேணிவந்தவர் ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவராகிய ஒரு பொறியியலாளர். 2018ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், இனி இங்குள்ளார் ஒருவரே அதனைக் கவனித்தல் நன்றெனக் குறிப்பிட்டிருந்தார். கணினிப் பாட ஆசிரியர் அப்பொழுதுதான் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். "தளத்தில் வருவதெல்லாம் தமிழ்தானே, தமிழ் வாத்தியார் பார்க்கட்டும்" என்றார் ஓர் அங்கத்தவர். கைதட்டல் எழுந்தது, தீர்மானம் நிறைவேறிற்று. ஆசிரிய கலாசாலையில் யான் பெற்ற பயிற்சியிற் கணினிக்கென ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. அந்நேரத்திலும் பாதி, அதனைக் கணினி என்று எழுதுவதா, கணனி என்று எழுதுவதா என்ற வழக்கிலேயே கழிந்தது. (நம் மாணவர் இவ்விரண்டையும் விட்டுக் ‘கணணி’ என்று எழுதுகின்றனர். சிவப்பு மை தீர்ந்ததேயன்றி அவ்வழக்கம் தீர்ந்தபாடில்லை.)

பொறியியலாளர் தொலைபேசியில் என்னை அழைத்து, கடவுச்சொல்லாகிய திறப்பை ஒப்படைத்தபின், "மாஸ்டர், கிழமைக்கு ஒருக்காலெண்டாலும் பதிவுக் கோப்பைப் பாருங்கோ" என்றார். அதிபர் அலுவலகத்திலே சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று உண்டென்பதை நம் பழைய மாணவர் அறிவர். அதிலே தம் பெயர் எழுதப்பெற்ற பெருமையுடையாருஞ் சிலர் உளர். சேவையகக் கணினியும் அத்தகைய திரட்டொன்றைத் தானே எழுதிக்கொள்கின்றது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘லொக்’ என்பதே பெயர். கப்பலின் வேகம் அறிதற்குக் கடலோடிகள் மரக்கட்டையொன்றைக் கயிற்றிற் கட்டிக் கடலில் இட்டு, கண்ட அளவைப் புத்தகத்திற் குறித்துவந்த வழக்கத்தினின்றும் பிறந்த சொல் அது. யார் வந்தார், எந்தப் பக்கத்தைக் கேட்டார், எந்த விநாடியிற் கேட்டார், கொடுக்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பனவெல்லாம் அத்திரட்டில் ஒரு வரியாக விழும்.

முதன்முதலாக அதனைத் திறந்தபொழுது, நம் தளத்துக்கு இத்தனை பேர் வருகின்றனரோ என மகிழ்ந்தேன். மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. முதல்நாள் இரவு மாத்திரம் 400க்கு மேற்பட்ட தடவை எவரோ நிருவாகியின் வாயிலிற் பொய்த் திறப்புகளை இட்டுப் பார்த்திருந்தனர். ‘அட்மின்’ என்ற பெயரால் முயன்றனர். பின்னர் ‘ரெஸ்ற்’ என்ற பெயரால். பின்னர்க் கல்லூரியின் பெயரால். அதன்பின் என் பெயராலேயே முயன்றிருந்தனர். தளத்து அறிவித்தல்களின் கீழ் என் பெயர் இருப்பதைக் கண்டு எடுத்துக்கொண்டனர் போலும். நள்ளிரவில் வேலிக்கு அப்பால் நின்று ஒருவன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போன்றதோர் உணர்வு எனக்கு உண்டாயிற்று.

எனினும் கொப்பி வாங்கத் தூண்டியது அதுவன்று. மறைந்த ஆசிரியர் ஒருவருக்கு நம்மவர் அஞ்சலி எழுதும் பக்கம் ஒன்று தளத்தில் இருந்தது. அவரிடம் கற்றோர் பலர் நெஞ்சுருகி எழுதிய வரிகளுக்கிடையே மயிர் வளரும் மருந்துக்கும், சூதாட்ட நிலையத்துக்கும், போலிக் கைக்கடிகாரத்துக்குமாக நாற்பதுக்கு மேற்பட்ட விளம்பரங்கள் வந்து ஒட்டியிருந்தன. அவருடைய மகள் அவற்றைப் பார்த்துவிட்டுச் சங்கச் செயலாளருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டே வரிகள். அன்று மாலை புத்தகக் கடைக்குச் சென்று முதற் கொப்பியை வாங்கினேன்.

கொப்பியில் எழுதியது ஐ.பி. முகவரிகளை. அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குகின்றேன். இணையத்தில் ஒன்றோடொன்று பேசும் ஒவ்வொரு பொறிக்கும் ஓர் இலக்கம் வேண்டும். 1981ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிப்படி அது நான்கு எண்களாலானது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையில் அமையலாம். இவ்வாறு அமையும் முகவரிகளின் தொகை 4,294,967,296. எடுத்துக்காட்டாக 203.0.113.45 என்பதைக் கொள்க. இவ்விலக்கத்தை யான் அஞ்சாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இலக்கண உரைகளிற் சாத்தனும் கொற்றனும் வருவது போல, 203.0.113 எனத் தொடங்கும் 256 முகவரிகளும் எடுத்துக்காட்டு எழுதுதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றில் எவருங் குடியிருப்பதில்லை. ஏனையவற்றை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பகிர்ந்தளிக்கின்றன. நம் பகுதிக்குரிய பதிவகம் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரில் உளது. எந்த முகவரித் தொகுதி எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்பதை எவரும் அங்கே கேட்டறியலாம்.

யானும் கேட்டேன். கேட்டறிந்த நாடுகளை உலகப்படத்திற் புள்ளியிட்டேன். இரண்டு மாதத்திற் படம் அம்மை கண்டவன் முகம் போலாயிற்று. எந்த நாட்டார் பொல்லாதவர், எந்த நாட்டார் ஓரளவு நல்லவர் என்று ஆசிரியர் ஓய்வறையில் விரிவுரை நிகழ்த்தவுந் தொடங்கினேன். இதனை ரொறன்ரோ அன்பருக்கு எழுதியபொழுது அவர் சிரித்திருக்கவேண்டும். "மாஸ்டர், உங்கட கொப்பியிலை இருக்கிறது கள்ளன்ர விலாசமில்லை. அவன் களவெடுத்து ஓடிக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிளின்ர நம்பர்" என்று மறுமொழி வந்தது. சில வாரங்களின் பின் ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு புத்தகமும் அனுப்பியிருந்தார்.

அப்புத்தகம் கிளிபோட் ஸ்ரோல் என்பவர் 1989இல் வெளியிட்டது. அவர் வானியலறிஞர். கலிபோர்ணியாவிலுள்ள லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோகவே, 1986இல் அங்குள்ள கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். வந்த புதிதில் அவருக்கு இடப்பட்ட வேலை மிக அற்பமானது. கணினியைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் அறவிடும் கணக்கில் 75 சதம் துண்டு விழுகின்றது, ஏனென்று பார்க்கவேண்டும். வேறெவரும் அத்தொகையைத் தம் சட்டைப்பையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருப்பர். அவர் தேடினார். கணக்குக்கு உட்படாத ஒருவன் உள்ளே புகுந்து சில விநாடி கணினியைப் பயன்படுத்தியிருந்தமை தெரிந்தது.

அவனை விரட்டாமல் அவர் பார்த்திருந்தார். ஒரு வார இறுதியில் உடன் பணிபுரிவோரின் மேசைகளிலிருந்த அச்சுப்பொறிகளையெல்லாம் கேளாமலே எடுத்துவந்து, வெளியிலிருந்து வரும் ஐம்பது தொடர்புகளிலும் மாட்டி, அவற்றின் நடுவே படுத்துறங்கினார். புகுந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் கடதாசியில் விழுந்தது. அவன் வந்த வழியைப் பின்தொடர்ந்தபொழுது, அது வேர்ஜினியாவிலுள்ள வேறொரு நிறுவனத்தின் கணினியிற் போய் நின்றது. ஆயின் அந்நிறுவனமும் கள்வனன்று; அதுவும் புகப்பட்ட வீடே. அதற்கப்பால் வழி அத்திலாந்திக் கடலைக் கடந்து மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரைச் சென்றடைந்தது. அந்நகரத் தொலைபேசி நிலையத்தின் ஆளிகள் பழைய பொறிமுறை வகையின. ஓர் அழைப்பு எவ்வீட்டிலிருந்து வருகின்றதென அறிய, ஊழியர் ஒருவர் நேரிற் சென்று கம்பியைத் தொடர்ந்து போதல் வேண்டும். அதுவரை கள்வன் தொடர்பிலே நிற்கவேண்டுமே! அதன்பொருட்டு ஸ்ரோல், ஏவுகணைத் தடுப்புத் திட்டம் பற்றிய இரகசிய ஆவணங்கள் போலப் பொய்யான கோப்புகள் பலவற்றை எழுதிவைத்தார். கள்வன் அவற்றை ஆறுதலாக வாசித்துக்கொண்டிருந்தபொழுது கம்பி பிடிபட்டது. மார்க்குஸ் ஹெஸ் என்பது அவன் பெயர். அவனும் கூட்டாளிகளும் கவர்ந்த செய்திகளைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றமை வெளியாயிற்று. 1990இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளெனக் கண்டது. ஏறத்தாழ 450 கணினிகளை அவன் முயன்று 30க்கு மேற்பட்டவற்றினுட் புகுந்தான் என்கின்றார் ஸ்ரோல். பல இடங்களில் அவனுக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டியிருக்கவில்லை. கணினியை விற்றவர் இட்டுக் கொடுத்த திறப்பை வாங்கியவர் மாற்றாதிருந்ததே போதுமாயிருந்தது.

இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறு செய்தி. வானியலாளர் வழக்கப்படி ஸ்ரோல் நாள்தோறும் ஒரு குறிப்பேடு எழுதிவந்தாராம். என் கொப்பிகளுக்கு அதன்பின் ஒரு மதிப்பு உண்டாயிற்று. உலகப்படத்தை மட்டும் கழற்றிச் சுருட்டி அலுமாரியின் மேல் வைத்துவிட்டேன்.

கம்பி நம் வீட்டிலேயே வந்து முடியும் என்பதை 2019இல் அறிந்தேன். அவ்வாண்டு நம் கல்லூரியிலிருந்து சில வெளிநாட்டுத் தளங்களைத் திறக்கப்போனால், ‘நீர் மனிதர்தானா?’ என்று கேட்டு, படங்களிலே வீதி விளக்குகள் உள்ளவற்றைத் தெரிந்து காட்டும்படி பணித்தன. அதிபர் இதனைப் பெரிய அவமதிப்பாகக் கொண்டார். அடுத்த வாரம் இணைய இணைப்பு வழங்குவோரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நெதர்லாந்திலுள்ள ஒரு நூலகத்தின் கணினி வாயிலை நம் முகவரியிலிருந்து எவரோ இரவுதோறும் தட்டுகின்றனர் என்ற முறைப்பாடு அதிலே இணைக்கப்பட்டிருந்தது. அந்நூலகத்திலும் என்னைப்போல் ஒருவர் கொப்பி வைத்திருந்தார் போலும்! அவருடைய கொப்பியில் நாம் கள்வர்.

நான்கு நாள் தேடினோம். கணினி அறையிலுள்ள பொறிகள் ஒவ்வொன்றாய் அணைத்துப் பார்த்தோம்; தட்டல் நிற்கவில்லை. இறுதியிற் பிடிபட்டது, வாயிலிற் கள்வரைக் கண்காணிப்பதற்கென மாட்டிய ஒளிப்படக் கருவிகளின் பதிவுப்பெட்டி. அதன் திறப்பு யாதென அதனைப் பொருத்திச் சென்றவரிடம் கேட்டால், "ஒண்டு தொடக்கம் அஞ்சு வரை, சேர்" என்றார். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய செய்நிரல் உலகெங்குமுள்ள இத்தகைய கருவிகளில் இலட்சக்கணக்கானவற்றை அடிமை கொண்ட முறை இதுவே. தொழிற்சாலையில் இட்ட பெயர், திறப்பு ஆகியவற்றின் சோடிகள் அறுபதுக்கு மேற்பட்டன அதனிடம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்துப் புகுந்தது. புகுந்த கருவி அடுத்த கருவியைத் தேடும். அவ்வாண்டு ஒற்றோபர் 21ஆந் திகதி அவ்வடிமைப் படை ஒரு பெயர்ச் சேவை நிறுவனத்தை நெரித்தபொழுது, அமெரிக்காவிற் பெரிய தளங்கள் பல மணிக்கணக்கில் எட்டாமற்போயின. அதனை ஆக்கியோர் மூவரும் இளைஞர். 2017 டிசெம்பரில் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டமை வெளியிடப்பட்டது. செய்நிரலோ அதற்கு முன்னரே ஊரறிய வெளியிடப்பட்டுவிட்டமையால், அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அலைகின்றன. நம் பதிவுப்பெட்டியிற் குடியேறியது அவற்றுள் எதுவோ.

நம் முகவரி ஏறியிருந்த தடைப்பட்டியல்களைப் பற்றி அப்பொழுதுதான் கற்றேன். குப்பை அஞ்சலின் பிறந்தநாள் 1978 மே 3 என்பர். அன்று கரி தேர்க் என்னும் அமெரிக்க விற்பனையாளர் தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பற்றி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். தொண்ணூறுகளிற் குப்பை பெருகவே, போல் விக்சி முதலியோர் குப்பை அனுப்பும் முகவரிகளைத் தொகுத்து, கேட்டவர்க்கெல்லாம் சொல்லும் ஏற்பாடு செய்தனர். அவ்வமைப்பின் முதலெழுத்துக்களை ஆங்கிலத்திற் பின்னிருந்து வாசித்தால் ‘ஸ்பாம்’ என்று வரும். மாலைமாற்றுப் பாடிய மரபினராகிய நமக்கு இவ்விளையாட்டுப் பிடிக்கும். பட்டியலைக் கேட்கும் முறையும் பின்னிருந்தே. 203.0.113.45 என்ற முகவரி கெட்டதா என அறிய 45.113.0.203 எனத் திருப்பிக் கேட்கவேண்டும். தொலைபேசி இலக்கத்தில் நாட்டின் எண் முதலிலும், கடித உறையில் நாட்டின் பெயர் கடைசியிலும் வருவதில்லையா? இணைய இலக்கம் முன்னதைப் போன்றது. இணையப் பெயர் பின்னதைப் போன்றது. இலக்கத்தைப் பெயர் போலக் கேட்பதால் திருப்பவேண்டியதாயிற்று. பட்டியலில் இருந்தால் 127.0.0.2 போன்றதொரு விடை வரும். இல்லையாயின் அத்தகைய பெயரே இல்லையென்பர்.

பதிவுப்பெட்டியின் திறப்பை மாற்றி, அதன் வெளிவாயிலை அடைத்து, பட்டியலிலிருந்து நம் பெயரை நீக்குவித்தோம். அந்நிகழ்ச்சி என்னை அடக்கமுடையவனாக்கியிருக்க வேண்டும். ஆயின், நாம் இத்துணை ஒழுங்காகிவிட்டோமே, பிறர் ஏன் ஆகக்கூடாது என்ற இறுமாப்பையே அது தந்தது. ஐந்து தடவை பிழைத்தால் பத்து நிமிடம் வெளியே நிறுத்தும் காவற் செய்நிரல் ஒன்றைப் பொறியியலாளர் பூட்டித் தந்திருந்தார். தட்டுவோர் அதற்கும் வழி கண்டனர். ஒரே முகவரியிலிருந்து நூறு தடவை தட்டாமல், நூறு முகவரிகளிலிருந்து ஒவ்வொரு தடவை தட்டினர். 2013 ஏப்பிரிலில் நம் தளம் போன்ற பல தளங்கள் மீது நடந்த தாக்குதலில் 90,000க்கு மேற்பட்ட முகவரிகள் பயன்பட்டன என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. அந்தக் கணக்கிற் கொப்பியும் பேனையும் எம்மாத்திரம்! சினங்கொண்டு, ஒரு முகவரி பிழை செய்தால் அதன் அயலிலுள்ள 256 முகவரிகளையும் சேர்த்து அடைக்கத் தொடங்கினேன். வகுப்பில் ஒருவன் கூச்சலிட்டால் வாங்கு முழுவதையும் எழுப்பி நிறுத்தும் ஆசிரியரை நாம் எல்லோரும் அறிவோம். யான் வகுப்பில் அவ்வாறு செய்வதில்லை.

2022 யூன், யூலை மாதங்களை எவரும் மறந்திரார். எரிபொருள் இல்லை, பேருந்து அரிது, கடதாசிக்குந் தட்டுப்பாடு, பாடசாலைகள் பல வாரம் மூடிக்கிடந்தன. உயர்தர வகுப்பில் வறிய மாணவர் பன்னிருவருக்குச் சங்கம் வழங்கும் மாதாந்த உதவிக்கு அவ்வாண்டு இணையத்தளத்தின் வழியே மாத்திரம் விண்ணப்பிப்பதென முடிவாயிற்று. பிள்ளைகள் அலையாமல் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று அவ்யோசனையைச் சொன்னவன் யான். முடிவுத் திகதி யூலை 15.

16ஆந் திகதி காலை, பண்ணைப் பாலங் கடந்து தீவுப் பகுதியிலிருந்து சைக்கிளில் வந்த மாணவன் ஒருவன் என் வீட்டுப் படலையில் நின்றான். பதினோராம் வகுப்பில் என்னிடந் தமிழ் படித்தவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தபின், "சேர், மூண்டு இரவு பாத்தனான். பக்கந் திறக்குதில்லை. 403 எண்டொரு இலக்கந்தான் வருது. நான் ஏதும் பிழை விட்டனானோ?" என்றான்.

உண்மையைச் சொல்கின்றேன்: முதலில் அவனை நம்பவில்லை. கடைசி நாள்வரை இருந்துவிட்டுச் சாட்டுச் சொல்கின்றான் என்றே எண்ணினேன். எந்நாள், எத்தனை மணிக்கு என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். பயப்படாமற் சொன்னான். மாமாவின் கைத்தொலைபேசியை இரவு பதினொரு மணிக்குப் பின்னர்தான் வாங்க முடியுமாம். அப்பொழுது மின்சாரம் இல்லை. பிற்பகல் மின்சாரம் வந்ததும், அவன் பக்கத்திலிருக்கப் பதிவுத் திரட்டைத் திறந்தேன். அவன் சொன்ன மூன்று இரவுகளும் அங்கே இருந்தன. விண்ணப்பப் பக்கத்தைப் பதினொரு தடவை கேட்டிருந்தான். பதினொரு தடவையும் மறுக்கப்பட்டிருந்தான். 403 என்பது ‘உனக்கு அனுமதியில்லை’ என்பதன் குறி. அந்த முகவரித் தொகுதி எங்கே அடைக்கப்பட்டது என்று கொப்பியைப் புரட்டினேன். யூன் 27 என்று திகதி இட்டு, என் கையெழுத்தில், ‘256உம் தடை. விடாக்கண்டர்’ என எழுதியிருந்தது.

நடந்தது இது. இலக்க முகவரிகளின் பொதுக் களஞ்சியம் 2011 பெப்புருவரி 3ஆந் திகதியோடு பகிர்ந்து தீர்ந்துவிட்டது. புதிய நீண்ட முகவரி முறை வகுக்கப்பட்டிருந்தும், பழையதன் பஞ்சத்தால் கைத்தொலைபேசிக் கொம்பனிகள் பல வாடிக்கையாளரை ஒரே முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன. முன்னாளில் ஊரார் பலர் சந்திக்கடை முதலாளியின் பெயரை இட்டு, ‘மே/பா’ எழுதிக் கடிதம் பெற்றது போன்ற ஏற்பாடு. அப்பெயரின் கீழ் எங்கோ ஒரு நோயுற்ற பொறி நம் வாயிலைத் தட்டிற்று. யான் அடைத்ததோ கடை முழுவதற்கும், அயலிலுள்ள கடைகளுக்கும். அத்தொகுதி நம் நாட்டினது என்பதைக்கூடப் பார்த்தேனில்லை. உலகப்படத்தைச் சுருட்டி வைத்தபின் நாடு பார்ப்பதை விட்டிருந்தேன்.

மாணவனின் விண்ணப்பத்தை அங்கேயே எழுதுவித்து வாங்கினேன். அவன் போனபின் இன்னொன்று தோன்றிற்று. அப்பத்தொன்பது நாளில் மறுக்கப்பட்டவன் இவன் ஒருவன்தானா? திரட்டை மறுபடி திறந்தேன். முகவரி ஒன்றாயினும், கேட்கும் கைத்தொலைபேசியின் வகையும் அதிலே குறிக்கப்படும். விண்ணப்பப் பக்கத்தைக் கேட்டு மறுக்கப்பட்ட கைத்தொலைபேசிகள் நான்கு வகையின. ஒன்று இவன் மாமாவினது. ஏனைய மூன்று?

யூலை 24ஆந் திகதி செயற்குழு கூடியது. கொப்பியையும் திரட்டின் படியையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். பொருளாளர், விதி விதியே என்றார். பன்னிருவரும் தெரிவாகிவிட்டனர், இனி எவரை நீக்குவது என்றுங் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. தலைவர் நெடுநேரம் படியைப் பார்த்திருந்துவிட்டு, "மற்ற மூண்டு பேரும் ஆர், மாஸ்டர்?" என்றார். நாலாண்டாகக் கள்வரைப் பின்தொடர்ந்து இலக்கங்களால் மூன்று கொப்பி நிரப்பிய என்னிடம் அதற்கு விடை இல்லை. அந்த நிமிடத்தில் அம்முகவரியின் பின்னால் நின்றவர் யாரென்பது கொம்பனியின் ஏடுகளில் இருக்கலாம். கேட்டவர்க்கெல்லாம் அதனைக் கொடுக்க அதற்கு உரிமையில்லை, உரிமை இருத்தலுமாகாது. கள்வனாயின் பொலிசாரிடம் போகலாம். கதவடைக்கப்பட்ட பிள்ளையைத் தேடி எந்தப் பொலிசுக்குப் போவது?

ஓகஸ்ற் 7 வரை காலம் நீட்டப்பட்டது. உதவி பெறுவோர் தொகை பன்னிரண்டிலிருந்து பதினாறாயிற்று. அந்த நால்வருக்கான பணத்தில் ஒரு பங்கை ரொறன்ரோ அன்பர் ஏற்றார். ஒரு பங்கு என்னுடையது. பத்திரிகையில் அறிவித்தல் இட்டோம். கையால் எழுதிய அறிவித்தல்களை யானும் அம்மாணவனும் சைக்கிளிற் கொண்டுசென்று வாசிகசாலைகளிலும் சந்திக்கடைகளிலும் ஒட்டினோம். இருவர் வந்தனர். அவர்களுடைய கைத்தொலைபேசிகளை வாங்கிப் பார்த்தேன். திரட்டிலுள்ள வகைகளோடு ஒத்திருந்தன. ஒருத்தி, நம் கல்லூரியில் உயர்தரம் படிக்கும் தமையனுக்காக விண்ணப்பிக்க முயன்றவள்.

அன்றிலிருந்து தொகுதியாக எதனையும் அடைப்பதில்லை. ஐந்து பிழைக்குப் பத்து நிமிடம் என்பதோடு சரி. மறுக்கப்படுவோர் பார்க்கும் பக்கத்தில் 403க்குப் பதிலாக, செயலாளரின் தொலைபேசி இலக்கத்துடன் தமிழில் இரண்டு வரி போட்டிருக்கின்றேன். தட்டுவோர் இன்றும் தட்டுகின்றனர்.

மூன்றாங் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் உள. மூன்றின்மேற் கோடிட்டு வெட்டியிருக்கின்றேன். நான்காவது கைத்தொலைபேசி ஒன்பது தடவை முயன்றது. கடைசி முயற்சி யூலை 15 இரவு 11 மணி 52 நிமிடம். அதன்பின் அது வரவில்லை. அதனை வைத்திருந்தவர் இப்பொழுது இருபது வயது கடந்தவராயிருப்பார். இம்மலர் அவர் கைக்கோ, அவரை அறிந்தார் கைக்கோ சேருமாயின், பாடசாலை நாட்களிற் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் ஆசிரியர் ஓய்வறையில் என்னைக் காணலாம். அந்த ஒன்பது தடவைகளும் எந்தெந்த நேரத்தில் என்பதை யான் எவருக்கும் சொல்லவில்லை. அவர் சொன்னால் எனக்குத் தெரியும்.